நீலக் கண்ணாடி – 12: கோச்சோ வந்த சனிக்கிழமை

மிளகாய் வாட்டும் சனிக்கிழமையில் யாரும் சண்டைக்கு வரக் கூடாது. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் அது. செப்டம்பர் கடைசியில் நிஷ் நகரத்தில் எந்தக் குடியிருப்பின் முற்றத்தை எட்டிப் பார்த்தாலும் தகர அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அதன்மேல் சிவப்புக் குடைமிளகாய் தோல் கருகிக்கொண்டிருக்கும். குளிர்காலம் முழுக்க ரொட்டியில் தடவித் தின்ன அய்வார் தொக்கு அன்றைக்குக் கிண்டினால்தான் உண்டு. யாருக்கு யார்மேல் என்ன கோபம் இருந்தாலும் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

கோச்சோ திங்கட்கிழமைவரை பொறுக்கத் தயாராக இல்லை.

போன வாரம்வரை தாரிங்காவுக்கு கோச்சோ வெறும் பெயர்தான். பக்கத்து நாட்டு ஸ்கோப்யே நகரத்துக்காரன். லேசர் பைத்தியங்கள் முந்நூறு பேர் கூடிக் கிடக்கும் இணையக் குழுவில் ஓர் ஆள். தாரிங்கா கையால் செய்த பச்சை லேசர் விளக்கை ஜூன் மாதம் வாங்கியவன். பத்து நாளைக்கு முன்னால் குழுவில் இரண்டே வரி எழுதினான். "விளக்கு மங்கிவிட்டது. மாஸ்டரிடம் பேச வேண்டும்."

அதற்குத் தாரிங்காவின் கணவன் ரதிவோய், மனைவியின் கணக்கில் உட்கார்ந்துகொண்டு பதில் போட்டான். "ஒரு நிமிடம் எரித்தால் ஒரு நிமிடம் அணைக்க வேண்டும். சின்னக் குழந்தைக்கும் தெரியும். தெரியாதவர்கள் டார்ச் லைட் வாங்கிக்கொள்ளலாம்." கூடவே வயிறு குலுங்கச் சிரிக்கும் பொம்மைகள் மூன்று.

அதைப் படித்துவிட்டுத் தாரிங்கா இரண்டு நாள் புருஷனோடு பேசவில்லை. வாங்கியவனிடம் இப்படியா பேசுவது என்றுதான் கோபம். மற்றபடி, விளக்கு கெட்டது அந்த ஆளின் தப்புதான் என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை. அவள் கையில் அவ்வளவு நம்பிக்கை.

அன்று காலை பதினோரு மணிக்கு முற்றத்தில் மூன்று பேர் இருந்தார்கள். அடுப்பருகே ரொசாந்தா. ரதிவோயின் அக்கா, கீழ்த் தளத்தில் குடியிருக்கிறவள், தம்பி தும்மினால் தெருவையே திட்டுகிறவள். லேசர் பார்சல்களைத் தபாலாபீசுக்குத் தூக்கிப் போவதும் அவள்தான். பெஞ்சில் தாரிங்காவும் ரதிவோயும் எதிரெதிரே உட்கார்ந்து மிளகாய்த் தோலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உன் பொண்டாட்டி உரிக்கிற வேகத்துக்கு நாம தொக்கை ஈஸ்டருக்குத்தான் சாப்பிடுவோம்" என்றாள் ரொசாந்தா.

"நீங்க கருக்குற கருக்குக்கு அது தொக்கா இருக்காதுக்கா, தார் ரோடாத்தான் இருக்கும்" என்றாள் தாரிங்கா.

ரதிவோய் இருவருக்கும் பொதுவாகச் சிரித்துவைத்தான். அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதுதான் வாசல் கதவு திறந்தது. ஐம்பது வயதை நெருங்கும் நெட்டையான ஆள். கறுப்புக் கண்ணாடி. தோளில் ஒரு துணிப்பை.

"லேசர் செய்யற தாரிங்கா வீடு இதுதானே?"

"இல்லைன்னு சொன்னா திரும்பிப் போயிடுவீங்களா?" என்றாள் ரொசாந்தா.

"மாட்டேன். விடிகாலைல கிளம்பி பஸ்ல வந்திருக்கேன். நான் கோச்சோ. டார்ச் லைட் வாங்கிக்கச் சொன்னீங்களே, அந்த கோச்சோ."

ரதிவோய் கையிலிருந்த மிளகாயை ரொம்பக் கவனமாக உரிக்க ஆரம்பித்தான்.

வந்தவன் எதிரியாகவே இருக்கட்டும், காபி கொடுக்காமல் சண்டை போட்டால் அப்புறம் அக்கம்பக்கத்தில் தலை காட்ட முடியாது. தாரிங்கா கையைக் கழுவிவிட்டுப் போய் காபியும், ஒரு கரண்டி பழப்பாகும், தண்ணீரும் தட்டில் எடுத்து வந்தாள். ஆற அமர உட்கார வைத்தால் கோபம் கொஞ்சம் தணியும் என்று நினைத்தாள்.

கோச்சோ காபிக் கோப்பைக்குக் கையை நீட்டினான். விரல் கோப்பையைத் தொடாமல் அதற்கு இந்தப் பக்கம் இருந்த தண்ணீர் தம்ளரில் இடித்தது. தம்ளர் உருண்டு தண்ணீர் முழுவதும் அவன் முழங்காலில் கொட்டியது.

"மன்னிச்சுக்குங்க" என்றான். "இடது கண்ணு போனதுலேருந்து தூரம் பிடிபட மாட்டேங்குது."

அடுப்பில் ஒரு மிளகாய் வெடித்தது.

"கண்ணு போச்சுன்னா?" என்றாள் தாரிங்கா.

அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். பார்வைக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது. சிவப்புகூட இல்லை. "நடுவுல ஒரு ஓட்டை. உங்க முகத்தைப் பார்த்தா முகம் இல்லை. சுத்தி முடி மட்டும் தெரியுது. டாக்டர் திரும்ப வராதுன்னுட்டார். திங்கக்கிழமை பெல்கிரேடுல இன்னொரு பெரிய டாக்டரைப் பார்க்கப் போறேன். அவரும் அதையேதான் சொல்லுவார்னு எனக்குத் தெரியும்."

"ஐயோ பாவம். ஆனா அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?" ரதிவோய் கடைசியில் தலையைத் தூக்கினான். "காசு வேணும்னா திருப்பிக் கொடுத்துடறோம். முழுசா."

"காசை யார் கேட்டா?" கோச்சோவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "நான் காசு கேட்டேனா? எங்கேயாவது எழுதினேனா? ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சாகணும். அதை மூஞ்சியைப் பார்த்துக் கேட்கத்தான் வந்தேன். கண்ணாடியை எடுத்தது யாரு?"

"எந்தக் கண்ணாடி?" என்றாள் ரொசாந்தா.

தாரிங்காவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. புரிந்ததுமே முகம் சிவந்தது.

பச்சை லேசரின் வயிற்றில் பிறப்பது பச்சை இல்லை. கண்ணுக்கே தெரியாத கதிர்தான் முதலில் பிறக்கும். ஒரு சின்னப் படிகம் அதில் கொஞ்சத்தைப் பச்சையாக மாற்றித் தரும். மாறாமல் மிச்சம் வருகிற கதிரை வாசலில் நிறுத்துவதற்கு ஒரு நீலக் கண்ணாடிச் சில்லு. அரிசியை உடைத்தால் வரும் குருணை அளவுதான் இருக்கும். மலிவுச் சரக்கு செய்கிறவர்கள் அதை வைக்காமலே விற்றுவிடுவார்கள். தாரிங்கா வைப்பாள். 'ஒவ்வொரு விளக்கிலும் நீலக் கண்ணாடியை என் கையாலேயே ஒட்டுகிறேன்' என்ற வரி அவளுடைய எல்லா விளம்பரத்திலும் முதலில் இருக்கும். அந்த ஒரு வரிக்காகவே அவளைக் குழுவில் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

"என் விளக்குல கண்ணாடி இல்லாம வெளியே போகாது" என்றாள். "நாப்பது விளக்கு செஞ்சிருக்கேன். ஒண்ணுகூடப் போனதில்லை. நீங்கதான் பிரிச்சிருப்பீங்க. வாங்கறது, வீட்ல உட்கார்ந்து குடையறது, கெட்டுப்போனா செஞ்சவ தலைல போடறது. உங்களை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன் நான்!"

"பிரிச்சேன்தான். கண்ணு போனப்புறம் பிரிச்சேன். என்ன ஆச்சுன்னு தெரிய வேண்டாமா?"

"பாதுகாப்புக் கண்ணாடி போடாம பார்த்திருப்பீங்க."

"போட்டிருந்தேன். சிவப்புக் கண்ணாடி. அது பச்சையைத்தான் தடுக்கும், தெரியாத கதிரைத் தடுக்காது. இது எனக்குத் தெரியாதா மாஸ்டர்? பன்னெண்டு வருஷமா இந்த வேலையாத்தான் திரியறேன். விளக்கு மங்கிப்போச்சு. படிகம் நகர்ந்திருக்கும்னு நினைச்சேன். பச்சையே வராதப்போ என்ன பயம்னு வாய்ப் பக்கம் குனிஞ்சு பார்த்தேன். மிச்சக் கதிரை நிறுத்த உள்ளேதான் தாரிங்கா கண்ணாடி வெச்சிருக்காளேன்னு நம்பினேன். வேற யாரோட விளக்கா இருந்தாலும் குனிஞ்சிருக்க மாட்டேன்!"

அவன் துணிப்பையிலிருந்து விளக்கை எடுத்து மிளகாய்த் தோல்களுக்கு நடுவே வைத்தான். தாரிங்கா கடைந்த பித்தளை உடம்பு. முனையைக் கழற்றித் தனியாகக் கட்டியிருந்தான்.

"மேலே வாங்க" என்றாள் அவள். "பூதக் கண்ணாடியில பார்த்துடலாம். நீங்க குத்திப் பிடுங்கின தழும்பு இருக்கும். இருந்தா நீங்க முந்நூறு பேர் முன்னாடி என்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்."

"இல்லைன்னா?"

அதற்குள் அவள் படியேற ஆரம்பித்திருந்தாள்.

மூன்றாவது மாடி வீட்டின் பால்கனிக்குச் சுற்றிலும் கண்ணாடி அடைத்து அவள் பட்டறையாக்கி வைத்திருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்து அவளை வீட்டுக்கு அனுப்பிய வருடம் அடைத்த கண்ணாடி அது. மேசையில் பற்றவைக்கும் கோல், சாமணம், பிசின் புட்டி, லேசரின் சக்தியை அளக்கும் ரதிவோயின் மீட்டர். நாலு பேரும் அந்த இடுக்கில் நெருக்கியடித்து நின்றார்கள். ரொசாந்தா கையில் இன்னும் இடுக்கி இருந்தது.

தாரிங்கா முனையை விளக்கொளியில் பிடித்து ஒரு கண்ணைப் பூதக் கண்ணாடியில் வைத்தாள்.

அவள் தேடியது உடைந்த விளிம்பை. அவளுடைய பிசின் ஊசிக்கோ கத்திக்கோ அசையாது. வாங்கியவன் எவனாவது நோண்டினால் கண்ணாடி சில்லுச் சில்லாய்த் தெறித்து, பிசினில் பல் பல்லாய் மிச்சம் நிற்கும். இதற்குமுன் இரண்டு பேரை அந்தப் பல்லை வைத்துத்தான் பொய்யன் என்று நிரூபித்திருக்கிறாள்.

பல் எதுவும் இல்லை. பிசின் வளையம் நனைத்துத் துடைத்த மாதிரி வழவழவென்று இருந்தது. ஒரு கீறல்கூடக் கிடையாது.

அந்தப் பிசின் அசிட்டோன் திரவத்தில் பத்து நிமிடம் ஊறினால் மட்டும் வெண்ணெயாய் இளகும். எந்தப் பிசின் என்பதைக் குழுவில் யாருக்கும் அவள் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் சிரித்து மழுப்பியிருக்கிறாள். சொன்னது ஒரே ஓர் ஆளிடம்.

அவள் பூதக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அந்த ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"என்ன மாஸ்டர்? தழும்பு இருக்கா?" என்றான் கோச்சோ.

"இல்லை" என்றாள். "ரதிவோய், எதுக்குடா எடுத்தே?"

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவள் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. ரொசாந்தாவின் வாய் திறந்து அப்படியே நின்றது.

"தாரா, கீழே போய்ப் பேசிக்கலாம்..."

"இங்கேயே பேசு. இவர் கண்ணு முன்னாடி பேசு. மிச்சம் ஒரு கண்ணு இருக்கில்ல."

ரதிவோய் சுவரைப் பார்த்தான், மீட்டரைப் பார்த்தான், கடைசியில் அக்காவைப் பார்த்தான். அப்புறம் கொட்ட ஆரம்பித்தான்.

"நம்மளுது நூத்தி நாப்பதுதான் காட்டும். நமக்குப் போட்டியா விக்கிற ப்ர்னோ ஊர்க்காரன் வீடியோவுல இருநூறு காட்டறான். குழுவுல எவன் கண்ணாடியைப் பார்க்கறான்? மீட்டர்ல நம்பரைத்தான் பார்க்கறான். மீட்டருக்குப் பச்சையும் ஒண்ணுதான், மத்ததும் ஒண்ணுதான், சேர்த்து எண்ணிடும். ஒரு நாள் கண்ணாடி இல்லாம வெச்சுப் பார்த்தேன். இருநூத்திப் பத்து! வீடியோ போட்ட அன்னிக்கே மூணு ஆர்டர். எல்லாருக்கும் சந்தோஷம். யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

"இவருக்கு ஆயிருக்கே!"

"இவர் குனிஞ்சு பார்ப்பார்னு நான் கண்டேனா?"

"என் பேர்ல வித்தே. நானே ஒட்டறேன்னு எழுதின என் வரியை மேலே வெச்சுக்கிட்டு, கீழே உட்கார்ந்து கழட்டியிருக்கே. என் பிசினை என்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு! எதுக்குக் கேக்கறேன்னு நான் கேட்டப்போ என்ன சொன்னே? ஆசையா இருக்கு, உன் வேலையைக் கத்துக்கறேன்னு சொன்னே. நானும் பல்லை இளிச்சுக்கிட்டுச் சொல்லிக் கொடுத்தேன்."

"நீ மட்டும் பெரிய யோக்கியமா?" அவனுக்கும் இப்போது சூடேறிவிட்டது. "நூத்தி நாப்பது எப்படி ஒரே மாசத்துல இருநூத்திப் பத்து ஆச்சுன்னு நீ ஒரு தடவை கேட்டியா? உனக்குத் தெரியாதா லேசர்? 'என் கை பழகிடுச்சு ரதிவோய்'னு பக்கத்து வீட்ல எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே. அப்ப ஏன் சந்தேகம் வரலை?"

தாரிங்கா கையிலிருந்த முனையை மேசையில் வைத்தாள். அவன் சொன்னது உண்மை. படிகத்தை மாற்றவில்லை, கதிரைத் தரும் டயோடை மாற்றவில்லை. நம்பர் மட்டும் ஏறியது. வேறு எவனாவது அப்படி வீடியோ போட்டிருந்தால் பார்த்த நிமிடத்தில் திருட்டு என்று சொல்லியிருப்பாள். தன்னுடைய விளக்கு என்பதால் பெருமைப்பட்டுக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, புருஷன்மேல் பாதியும் தன்மேல் பாதியுமாக.

"எத்தனை?" என்றாள்.

"என்ன எத்தனை?"

"கண்ணாடி கழட்டின விளக்கு எத்தனை வெளியே இருக்கு?"

"மே மாசத்துலேருந்து... பதினொண்ணு. இவரையும் சேர்த்து."

ரொசாந்தா இடுக்கியை மேசையில் போட்டாள். "சரி, நடந்தது நடந்துபோச்சு. குடும்பத்துக்காகத்தானே செஞ்சான், குடிக்கவா செஞ்சான்? அமைதியா ஒரு வழி பண்ணுங்க."

"அதைத்தான் நானும் சொல்லவந்தேன்" ரதிவோய் அவசரமாகப் பிடித்துக்கொண்டான். "புது லென்ஸ் வந்திருக்கு, இலவசமா மாத்தித் தரேன், அனுப்பி வைங்கன்னு பத்து பேருக்கும் தனித்தனியா எழுதிடறேன். வந்ததும் கண்ணாடியை ஒட்டித் திருப்பி அனுப்பிடலாம். ஒருத்தனுக்கும் தெரியாது."

"வந்து சேர எத்தனை நாள்?"

"ரெண்டு வாரம். மூணு."

"அந்த மூணு வாரத்துல இன்னொருத்தன் விளக்கு மங்கினா? இன்னொருத்தன் குனிஞ்சு பார்த்தா?"

"எதுக்கெடுத்தாலும் கெட்டதையே நினைக்காதே."

கோச்சோ அதுவரை சுவரோரம் நின்றிருந்தான். கையை முறுக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்தான். மேசை விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இடுப்பில் இடித்துக்கொண்டான். அந்த இடி அவனை நிறுத்தியது. இல்லாவிட்டால் ரதிவோய் அன்று பல்லை இழந்திருப்பான்.

தாரிங்கா இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

குழுவில் ஒரு கண்டிப்பு உண்டு. விற்கிறவர்கள் எது சொன்னாலும், கையால் எழுதி, பெயரும் தேதியும் போட்டு, பொருளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் போட வேண்டும். தட்டச்சு செய்ததை யாரும் நம்ப மாட்டார்கள். ஏமாற்றுக்காரர்கள் வந்து வந்து ஏற்பட்ட பழக்கம்.

"என்ன எழுதப் போறே?" ரதிவோய் அவள் கணக்கு திறந்திருக்கும் கைபேசியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டான். "இதுலேருந்து நீ எதுவும் போட முடியாது, சொல்லிட்டேன். கடவுச்சொல் என்கிட்டதான் இருக்கு."

"அவர்கிட்ட அவர் கணக்கு இருக்கு" என்றாள் தாரிங்கா. கோச்சோ தன் கைபேசியை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

"முந்நூறு பேர் முன்னாடி புருஷன் மானத்தை வாங்கப் போறியா?" ரொசாந்தா கதறினாள். "அவனுக்கு இனிமே யாரு மதிப்பு கொடுப்பா?"

"அவர் பேரு அதுல எங்கேக்கா இருக்கு? வித்தது என் பேர்ல. கிண்டல் பண்ணினது என் பேர்ல. கண்ணு போனது என் பேர்ல. மானம் போகப் போறது எனக்கு. போகட்டும்."

அவள் பெரிய எழுத்தில் எழுதினாள்.

'மே மாதம் முதல் என்னிடம் பச்சை விளக்கு வாங்கியவர்கள் யாரும் அதை ஏற்றாதீர்கள். இப்போதே மின்கலத்தை எடுத்துவிடுங்கள். மங்கிப் போயிருந்தாலும் வாயைப் பார்க்காதீர்கள். உள்ளே நீலக் கண்ணாடி இல்லை. அதைக் கழற்றியது என் வீட்டில். மீட்டர் ஏறியபோது நான் ஏன் என்று கேட்கவில்லை. கோச்சோவின் ஒரு கண் போய்விட்டது. அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. தாரிங்கா, நிஷ்.'

தேதி போட்டாள். பித்தளை விளக்கைத் தாளின் மேல் வைத்தாள். படம் எடுத்தாள்.

பன்னிரண்டரை மணிக்கு அது குழுவில் ஏறியது. ஒரு மணிக்குள் வசவு கொட்ட ஆரம்பித்துவிட்டது.

அவள் ரதிவோயை எழுந்து போக விடவில்லை. அவனை நாற்காலியில் உட்கார வைத்து, வந்த ஒவ்வொன்றையும் அவன் முகத்துக்கு நேரே உரக்கப் படித்தாள்.

"'திருட்டு நாய்களா.' இது வார்னாவுலேருந்து. மின்கலத்தை எடுத்துட்டாராம், ஒண்ணு ஆச்சு. 'என் பெண்ணோடு நட்சத்திரம் பார்க்க வாங்கினேன், உன் கையில் புழு வைக்க.' இது திரியெஸ்தே ஊர்லேருந்து. எடுத்துட்டார், ரெண்டு. 'மாஸ்டர், உங்களை நம்பி எத்தனை பேருக்குச் சிபாரிசு செய்தேன்.' க்ளூஜ் ஊர்க்காரர், மூணு. இவர் திட்டக்கூட இல்லை பாரு, இதுக்குத் திட்டியிருக்கலாம்."

"போதும் தாரா."

"இன்னும் ஏழு பேர் பாக்கி. உட்காரு."

ரொசாந்தா இரண்டு தடவை கீழே போய்விட்டு வந்தாள். மிளகாய் கரியாகிவிட்டதென்று முனகினாள். யாரும் காது கொடுக்கவில்லை. கோச்சோ ஆறிப்போன காபியைக் கீழேயிருந்து அவளையே கொண்டுவரச் சொல்லிக் குடித்தான். அவளும் ஏன் என்று கேட்காமல் கொண்டுவந்து, கோப்பையை அவன் விரலுக்கு நேராக வைத்தாள்.

மூன்று மணிக்குக் குழுவை நடத்துகிறவர் தாரிங்காவின் பெயரை 'இவர்களிடம் வாங்காதீர்கள்' என்ற பட்டியலில் சேர்த்தார். எட்டு வருடமாய்ச் சேர்த்த பெயர். அவள் அதையும் உரக்கப் படித்தாள். அந்த ஒரு வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

மூன்றரை மணிக்குப் பத்தாவது ஆளும் பதில் எழுதிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாரிங்கா நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டாள். காலையிலிருந்து அப்போதுதான் முழு மூச்சாக விட்டாள்.

"சரி" என்றாள். "கழட்டின கண்ணாடியை எங்கே வெச்சிருக்கே? தூக்கியெறியலையே?"

"தூக்கியெறிவேனா? விலை அதிகமாச்சே." அந்தப் பதிலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. உள்ளே போய் மாத்திரை டப்பா ஒன்றைக் கொண்டுவந்தான்.

விளக்குகள் திரும்பி வந்ததும் ஒட்டுவதற்கு எது உடைந்திருக்கிறது, எது நன்றாக இருக்கிறது என்று பார்க்கத்தான் அவள் டப்பாவை வெள்ளைத் துணிமேல் கவிழ்த்தாள். நீலத் துணுக்குகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். ஒன்றுகூட உடையவில்லை. அழகாகக் கழற்றியிருந்தான்.

எண்ணி முடித்தாள். திரும்ப எண்ணினாள்.

"ரதிவோய், பதினொண்ணுன்னுதானே சொன்னே?"

"ஆமா."

"இதுல பதினாலு இருக்கு."

ரொசாந்தாதான் முதலில் கேட்டாள். "டேய் தம்பி, மிச்சம் மூணு?"

"குழுவுல விக்கலை" என்றான் தரையைப் பார்த்தபடி. "ஞாயித்துக்கிழமை பழைய சாமான் சந்தை இருக்கில்ல, ஆத்தோரம். உடம்புல கீறல் விழுந்த மூணை அங்கே கொண்டுபோய்..."

"யார்கிட்ட வித்தே?"

"பேரெல்லாம் யாரு கேட்பா சந்தையில? ஒருத்தர் வயசானவர், தொப்பி போட்டிருந்தார். ஒருத்தன் மீன்பிடிக்கப் போறவன்னு நினைக்கிறேன். இன்னொண்ணு ஒரு பொம்பளை."

"அந்தப் பொம்பளை எதுக்கு வாங்கினாங்க?"

ரதிவோய் காலி மாத்திரை டப்பாவை எடுத்து மூட ஆரம்பித்தான்.

"சொல்லு. எதுக்கு?"

"பூனைக்கு. பூனை துரத்தி விளையாடும்ல, சுவர்ல புள்ளி வெச்சா. வீட்ல பேரப்பசங்க இருக்காங்க, அவங்களும் சேர்ந்து விளையாடுவாங்கன்னு..."

கோச்சோ சிரித்தான். அன்று அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. கேட்க முடியாமல் ரொசாந்தா காதைப் பொத்திக்கொண்டாள்.

தாரிங்கா எழுந்து போனாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த ரதிவோயின் கோட்டை எடுத்துவந்து அவன்மேல் எறிந்தாள்.

"கிளம்பு."

"எங்கே? சந்தை நாளைக்குத்தானே. நாளைக்குப் போய் அதே இடத்துல நின்னு பார்க்கறேன்."

"நாளைக்கும் போய் நிப்பே. இப்பவும் போவே. ஆத்தோரத்துலேருந்து ஆரம்பி. கதவைத் தட்டு, பூனை இருக்கான்னு கேளு, பச்சை விளக்கு இருக்கான்னு கேளு."

"பைத்தியமா உனக்கு? இந்த ஊர்ல எத்தனை வீட்ல பூனை இருக்கு தெரியுமா?"

"தெரியாது" என்றாள் தாரிங்கா. "எண்ணிட்டு வா. எண்ணி முடிக்காம இந்த வீட்டுப் படி ஏறாதே."

ரதிவோய் அக்காவைப் பார்த்தான். அவன் பிறந்த நாளிலிருந்து அவனுக்காகத் தெருவோடு சண்டை போட்டவள், நகர்ந்து அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.